வட்டவாளுக்கு லைட் பூட்டியவர்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் நான் வேலை செய்யும் மரப்பட்டறைக்கு லைட் பூட்ட வந்த அந்தக் கிண்ணியாக்காரரின் பெயரை நான் கேட்கவில்லை. மெலிந்த ஆள். வயரைத் தொடும்போதெல்லாம் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஏனென்று கேட்டேன். “கரண்டுக்கு ஒரு கை போதும், தம்பி. மற்றதையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேணும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டவாளில் நிற்கும்போது யன்னல் என் முதுகுப் பக்கம். வெட்டுக்கோட்டில் என் நிழலே விழும், மரத்தை ஊகத்தில்தான் தள்ளுவேன். படுத்தாலும் விரல் போய்விடுமோ என்ற யோசனைதான்.

வாளின் இரும்புச் சட்டத்தில் வளைந்த குழாய் பூட்டி, அதன் நுனியில் சின்னப் பல்பு வைத்தார்.

“வாள் அதிர்ந்தால் கழன்று விழாதா, நானா?” என்றேன். அவருடைய ஊரில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“உங்களைவிட அது குறைவாத்தான் நடுங்குது.”

நான் வாளை ஓடவிட்டேன், அவர் லைட் சுவிட்சைப் போட்டார். ஓடுகிற வாளும் பென்சில் கோடும் பளிச்சென்று தெரிந்தன. மரத்தைத் தள்ளிப் பார்த்தேன். வாளின் பல்லுக்குப் பக்கத்தில் என் பெருவிரல்! கையை வெடுக்கென்று இழுத்தேன்.

“இவ்வளவு கிட்டவோ?”

“நேற்றும் இவ்வளவு கிட்டத்தான்.”

“லைட்டை நிப்பாட்டுங்கோ நானா, பார்க்க ஏலாது.”

“நிப்பாட்டலாம். விரல் அங்கேயேதான் இருக்கும்.”

அன்றிலிருந்து மரத்தைச் சிறு தடியால்தான் தள்ளுகிறேன். ஆனால் அந்த மனிதர் என்னைத் தேற்றினாரா, பயமுறுத்தினாரா என்பது இன்னும் பிடிபடவில்லை.