கப்பலை நிறுத்தி வைத்த படம்

கிள்ளான் பட்டணத்தில் இன்று கண்ணில் படும் கடைப் பலகைகளில் பாதி என் பட்டறையில் எழுதியவை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட நானே பயந்து பயந்து செய்த வேலை ஒன்று உண்டு. அதுதான் என் முதல் படம்.

அப்போது எனக்குப் பத்து வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அடுத்த வீட்டு மணியம் என் கூட்டாளி. இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாத அவன் அப்பாவுக்கு, இங்கே தொடர்ந்து வேலை செய்யப் பெர்மிட் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. மணியமோ இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவனை அப்படியே படமாக வரைந்து வைத்துக்கொள்கிறேன் என்று நான் சவடால் அடித்தேன்.

கதவுக்கு அடித்து மிஞ்சிய சாயம், ஒரு பலகைத் துண்டு, அவ்வளவுதான் மூலதனம். சாயங்காலமானால் மணியம் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்காருவான். ஒருநாள் அவன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"நல்லா வரைடா. நீ முடிச்சாத்தான் நாங்க கப்பல் ஏறுவோம்."

அவர் விளையாட்டாகச் சொன்னதை நாங்கள் இருவருமே நம்பிவிட்டோம். அவ்வளவு பெரிய கப்பல் என் ஒருவனுக்காகத் துறைமுகத்தில் காத்து நிற்கிறதே! கப்பல்காரன் ஆள் அனுப்பி என்னைப் பிடித்துப் போவானோ என்று சோறு இறங்கவில்லை.

மணியமோ ஒழுங்காக உட்காரமாட்டான். கழுத்தைத் திருப்புவான், கன்னத்தை உப்ப வைப்பான்.

"அசையாதடா!"

"கொசு கடிக்குது லா."

"நேத்தும் கொசு, இன்னிக்கும் கொசுவா?"

"அதே கொசுதான். நீ ஏன்டா இப்படி அவசரப்படுற?"

வரைவேன், மண்ணெண்ணெய் தொட்டு அழிப்பேன். அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு மாலை, அவன் முகம் தானாகவே பலகையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது.

"அச்சு அசல் நம்ம மணியம்தான்!" என்றார் அவன் அப்பா. "சரியான நேரத்துல முடிச்சிட்ட. நாளைக்குக் கப்பல்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். மணியம் மட்டும் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூக்கு சரியில்லடா. அழிச்சிட்டுத் திரும்ப வரை. இனிமே நான் அசையவே மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மூக்குக்கு என்ன குறைச்சல்? போடா!" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பலகை இன்றும் என் பட்டறைச் சுவரில் இருக்கிறது. மூக்கில் ஒரு குறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அன்று மணியம் பேசியது மூக்கைப் பற்றியே அல்ல என்பது அந்தப் பத்து வயதுப் பயலுக்கு எங்கே தெரிந்தது?