நைனாவின் வயிற்றுப் பூச்சி

அறுபதுகளின் கடைசி அது. பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்த எங்கள் நைனா, பல மாதமாக மலத்தில் ரத்தம் போனதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கமாம், மண்ணாங்கட்டி! ஒருநாள் நீளமாக ஒரு பூச்சி வந்து விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தார், அதுவும் பூச்சியைப் பற்றி மட்டும். எங்கள் குப்பத்தில் வயிற்றுப் பூச்சியைப் பற்றி யாரும் கூசாமல் பேசலாம்.

பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா நேராகக் கேட்டதும் நைனா ரத்தத்தையும் ஒப்புக்கொண்டார். "பூச்சி போனப்புறமும் ரத்தம் வந்தா உடனே திரும்பி வரணும்" என்று சொல்லி மருந்து கொடுத்தார் டாக்டரம்மா.

பூச்சிகள் போயின. ரத்தம் நிற்கவில்லை.

"பூச்சிதான் பூடுச்சே, உடு" என்று நைனா வலையை எடுத்தார். அம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"நீ பூட்டா இந்த வலைய நானா கட்டிக்கினு அழுவேன்? கெளம்புயா!"

குடலில் புற்றுநோய். முற்றுவதற்குள் வந்ததால் மெட்ராஸில் அறுத்து எடுத்தார்கள். நைனா பிழைத்தார்.

அதன்பிறகு அம்மா பிள்ளைகள் எங்களுக்குப் பூச்சி மருந்து புகட்டும்போதெல்லாம் நைனா கத்துவார்: "என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனதே அதுதான்டி. அதப் போய் கொல்றியே!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்து, எங்கள் வயிற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். பிறகு மூக்கைப் பிடித்து மருந்தை ஊற்றுவாள்.