சரியான விடைக்கு ஓர் அறை

பினாங்கில் ஆங்கிலம் கற்க நாங்கள் வகுத்துக்கொண்ட முறையில் ஒரே ஒரு விதிதான் இருந்தது. சரியான விடை சொன்னவன், தவறிய ஒவ்வொருவரின் கன்னத்திலும் அறைய வேண்டும். நாங்கள் ஐவரும் சிறு வயதில் வெவ்வேறு தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள். ஐந்து பள்ளிகளிலும் வாய்ப்பாட்டுக்கு இந்த விதி இருந்தது. ஆசிரியர் தம் கையை நோகவைத்துக்கொள்ளாமல் மாணவன் கையால் மாணவனை அடிப்பித்தார். மீசை முளைத்து, வேலைக்குப் போய், சிலர் பிள்ளை பெற்ற பின்னும், ஆசிரியரே இல்லாத எங்கள் வகுப்பில் அந்த விதியை நாங்களே விரும்பி வைத்துக்கொண்டோம். வேறு வழியில் கல்வி ஏறும் என்று எங்களில் ஒருவரும் நம்பவில்லை.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஜெலுத்தோங்கில் ஒரு பிஸ்கட் கடையின் மாடியில் கூடுவோம். ஒருவர் தமிழில் ஒரு வினையைச் சொல்வார். மற்றவர்கள் மூன்று கைதட்டலுக்குள் அதற்குரிய ஆங்கிலத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நாங்கள் எடுத்துக்கொண்டவை வினைக்குப் பின்னால் சிறு சொற்கள் ஒட்டிக்கொள்ளும் தொடர்கள். ‘டு புட்’ என்றால் வைத்தல். ‘டு புட் ஆஃப்’ தள்ளிப்போடுதல், ‘டு புட் அவுட்’ அணைத்தல், ‘டு புட் டவுன்’ அடக்குதல். நம் மொழியும் ‘போடு’ என்பதைப் போட்டுவிடு, போட்டுப்பார், போட்டுக்கொள் என்று ஓயாமல் உருமாற்றுவதுதான். ஆயினும் நன்னூலை மனப்பாடம் செய்து, இவர்களிடம் ‘புலவர்’ என்று பெயர் வாங்கியிருந்த எனக்கு இந்த ஆங்கிலத் துணுக்குகள் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத நாடோடிகளாகவே தோன்றின. விதி கேட்டேன், வழக்கு மட்டுமே கிடைத்தது.

வழக்கை அறிந்தவர் எங்களுள் ஒருவர்தாம். அவரை அண்ணன் என்றே அழைத்தோம். நாற்பதை நெருங்கியவர், துறைமுகத்தில் தொங்கான் படகுகளிலிருந்து மேலேறும் மூட்டைகளை எண்ணும் கிராணி. கப்பல்காரர்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் கற்றவர். அவருடைய ஆங்கிலம் முழுவதும் காதில் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி விழும். அதனால் அலுவலகம் நடத்திய சொல்வதெழுதும் தேர்வில் இருமுறை தோற்றிருந்தார். மூன்றாம் முறையும் தோற்றால் வேலை போய்விடும். வீட்டில் மனைவியும் மூன்று பெண்களும் இருந்தனர்.

நான் அதே அலுவலகத்தில் தற்காலிகமாக இருந்தவன். அதே தேர்வை முதன்முறையாக எழுதவிருந்தேன். வாரந்தோறும் அண்ணன் சரியாகச் சொன்னார். வாரந்தோறும் என் கன்னம் அவர் கைக்கு வந்தது. அவரோ என்னை அறையவே மாட்டார். இரண்டு விரலால் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். மற்றவர்களுக்கு விழுவது மட்டும் சுவரில் எதிரொலிக்கும்.

அரிசிக் கடையில் வேலை பார்த்த இராவுத்தர் இதைச் சும்மா விடவில்லை.

“என்னாண்ணே, புலவருக்கு மட்டும் சந்தனம் பூசுறீங்க? நாங்கள்லாம் என்னா மாடா?”

“விடுய்யா. படிச்ச பிள்ள. அடிச்சா மறந்துடப் போவுது” என்றார் அண்ணன்.

எல்லாரும் சிரித்தனர். அந்த இரண்டு விரல்கள் எனக்கு அடியைவிடக் கொடுமையாக இருந்தன. அடிபடும் தகுதிகூட இல்லாதவன் என்று அவர் என்னை ஒதுக்குவதாக எண்ணிக்கொண்டேன். வாரத்தின் ஆறு நாளும் படிக்கட்டில் ஏறும்போதும் சோறு உண்ணும்போதும் என் உள்ளங்கை அவர் முகத்தைத் தேடியது. இதை மறைத்து எழுதினால் மீதி எழுதுவதற்குப் பொருளில்லை.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை இராவுத்தர் கேட்டார்: “பொறுத்துக்கொள்ளுதல்.”

“டு ஸ்டாண்ட் பை” என்றார் அண்ணன். துறைமுகத்தில் பொறுத்து நிற்கச் சொல்லிக் கப்பல்காரர்கள் கத்துகையில் அவர் கேட்ட சொல் அது.

“டு புட் அப் வித்” என்றேன் நான்.

இராவுத்தர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மேசையைக் குத்தினார். “அடி சக்கை! புலவரு ஜெயிச்சிட்டாருலா! அண்ணே, கன்னத்த காட்டுங்க!”

அண்ணன் சிரித்தபடியே எழுந்து நின்றார். “வா தம்பி. நல்லா வாங்கிக்கிறேன்.”

நான் தோளிலிருந்து கையை வீசினேன். கன்னத்தில் விழவேண்டிய அறை காதின் மேல் முழுதாகப் பொருந்தி விழுந்தது. அவர் பெஞ்சின் மீது சரிந்தார். போதவில்லை, எழுந்தவரை மீண்டும் அதே இடத்தில் அறைந்தேன். மூன்றாவதற்கு ஓங்கியபோது இராவுத்தர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்.

“பைத்தியமாடா உனக்கு? பாரு, ரத்தம்!”

இடக் காதிலிருந்து மெல்லிய கோடாக இறங்கிய குருதி சட்டைக் கழுத்துப்பட்டையில் ஊறிக்கொண்டிருந்தது. அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், நீரில் மூழ்கி எழுந்தவர்போல. பிறகு மிக உரத்த குரலில், “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார். தாம் கத்துவது அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் காது திரும்ப வரவில்லை. நாட்டு மருந்தும் ஊற்றினார், மருத்துவமனைக்கும் போனார். அலுவலகத்தில் மட்டும் சொல்லவில்லை. பாரந்தூக்கியின் கீழ் நிற்பவனுக்கு இரு காதும் வேண்டும். செவிடனைத் துரைமார் ஒரு நாளும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேர்வு நாளன்று என் இருக்கை அவருக்கு இடப்பக்கத்தில் அமைந்தது. துரை முன்னே நின்று படிக்கத் தொடங்கினார். அண்ணன் வலக் காதை அவர் பக்கம் கொடுத்தார். அப்படிக் கொடுத்தபோது முகம் என் தாளை நோக்கித் திரும்பியது. துரை ஒருமுறை எச்சரித்தார். அண்ணன் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் முகம் என்மேல். துரை மேடையிலிருந்து இறங்கி வந்து கனத்த மரக் கோலால் அவர் விரல்களின் மீது ஓங்கி அடித்தார். பேனா தெறித்தது. பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதும் திருடன் என்றார். எழுந்து வெளியே போகச் சொன்னார்.

ஒரே ஒரு வாக்கியத்தில் நான் அந்தப் பழியைத் துடைத்திருக்கலாம்: இவர் செவிடர், செவிடாக்கியவன் நான். அந்த வாக்கியமே அவர் வேலையையும் பறித்துவிடும். அண்ணன் என்னைப் பார்த்தார். வீங்கத் தொடங்கிய விரல்களோடு, யாருக்கும் தெரியாதபடி, தலையை இல்லையென்று ஆட்டினார்.

நான் எழுந்தேன். ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டு எனக்குத் தெரியாமல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அதற்காகத்தான் அவர் திரும்பினார் என்று சொன்னேன். துரை என் தாளை நான்காகக் கிழித்தார். வாயிற்காவலர் சட்டையின் பின்புறத்தைப் பற்றி என்னை இழுத்துப்போய்ப் படிக்கட்டில் தள்ளினார். கீழ்ப்படியில் என் உதடு கிழிந்தது. ஒரு பல் ஆடிற்று. உள்ளே அண்ணனை முன்வரிசையில், துரையின் மேசைக்கு நேரே உட்காரவைத்ததாகப் பின்னால் அறிந்தேன். அந்த இடத்திலிருந்து அவருக்கு எல்லாம் கேட்டது. மயிரிழையில் தேறினார்.

என்னைத் தற்காலிக வேலையிலிருந்தும் நீக்கினர். இரண்டு மாதம் அலைந்தபின் ஒரு சரக்குக் குத்தகைக்காரரிடம் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது. அவர் என்னை நிறுத்தியது அண்ணன் நின்ற அதே கரையில்.

முதல் நாள் காலை, நீராவிப் பாரந்தூக்கி அலறிக்கொண்டிருந்தது. கீழே தொங்கானில் கொக்கியை யார் மாட்டுவது என்று இருவர் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் நெற்றி பிளந்து படகுத் தளத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே ஒரே கயிற்றில் ஆடிய பத்து மூட்டைகள், கரையில் அண்ணன் நின்ற பக்கம் திரும்பின. மேலிருந்து ஒருவன் விலகச் சொல்லிக் கத்தினான். அண்ணன் விலகவில்லை, குரல் இடப்பக்கத்திலிருந்து வந்தது. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பற்றி இழுத்தேன். மூட்டைகள் அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இறங்கின.

நான் இழுத்தபோது அவர் செய்ததை என்னால் மறக்க இயலவில்லை. இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார்.

யாரென்று பார்த்தபின் மெல்ல நிமிர்ந்தார். அன்று முழுவதும் நான் அவருடைய இடப்புறத்திலேயே நின்றேன்; அங்கிருந்து வரும் எதையும் நானே பார்த்துச் சொல்லலாம் என்பது என் எண்ணம். நண்பகலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, என்னைப் பாராமலே சொன்னார்.

“தம்பி, அந்தப் பக்கம் நிக்காத. கை எப்ப வரும்னு எனக்குத் தெரியல.”

நான் எழுந்து அவர் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.