ஆடாத வருஷம்

1. இரண்டாவது பக்கம்

சுற்றறிக்கை வியாழக்கிழமை காலை வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் ஹாக்கிப் போட்டிக்கு டீம் லிஸ்ட் மறுநாள் மாலை நான்கு மணிக்குள் கமிட்டி ஆபீஸில் இருக்க வேண்டும். முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தேன். இரண்டாவது பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ரங்கூனில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவில் கிளார்க்காக இருந்தவள். யாங்கோன் என்றுதான் இப்போது எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவள். ஹாக்கி மட்டையை ஒரு நாளும் பிடித்ததில்லை. ஆனால் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பது பல வருஷம் என் மேஜையில்தான் முடிவானது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கோல் போடுவது மைதானத்தில், ஆள் அவுட் ஆவது ஆபீஸில்.

பழைய விதி சுலபமானது. ஒரு மாணவி நான்கு போட்டிகளுக்குத்தான் வரலாம். எந்த வருஷம் பெயர் லிஸ்டில் போகிறதோ அந்த வருஷம் கழிந்தது. ஆடினாலும் சரி, பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றாலும் சரி.

கொரோனா வந்து கல்லூரிகளைப் பூட்டிய பிறகு இந்தக் கணக்கு குழம்பிப் போயிற்று. அந்த வருஷங்களில் இங்கே வேறு என்னென்னவோ நடந்தது. அதை எழுத நான் ஆளில்லை. பிள்ளைகளுக்கு வயது ஏறியது, வகுப்பு ஏறவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும். மறுபடி திறந்து ஒரு வருஷம் போட்டி நடந்தது; இனியும் பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதி டீமுக்கு ஆள் தேறாது. அதனால்தான் இந்தச் சுற்றறிக்கை. பூட்டிய காலம் கணக்கில் வராது, வயது வரம்பும் தளர்த்தப்படுகிறது என்று முதல் பக்கம் சொன்னது. நன்றாக இருங்கள் என்று கமிட்டிக்காரர்களை மனசுக்குள் வாழ்த்தினேன்.

இரண்டாவது பக்கத்தில் ஒரு பத்தி. பூட்டுவதற்கு முன்பே லிஸ்ட் அனுப்பிவிட்ட பல்கலைக்கழகங்களுக்கு, போட்டி நடக்காவிட்டாலும் அந்த வருஷம் கழிந்ததாகவே கொள்ளப்படும். அந்த லிஸ்டை அந்தச் சமயமே எழுத்து மூலம் திரும்பப் பெற்றவர்களுக்கு மட்டும் கழியாது.

அந்த வருஷம் லிஸ்டை முதல் ஆளாக அனுப்பியது யார்? நான்தான். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பிவிட்டு, மற்ற பல்கலைக்கழகக் கிளார்க்குகளுக்குப் போன் போட்டு, "என்னோடது போயாச்சு, உங்களோடது எங்க?" என்று சீண்டவும் செய்தேன். சோம்பேறிகளின் பிள்ளைகள் தப்பித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதற்குத்தான்.

2. ஜெயா

அந்த லிஸ்டில் பதினாறு பெயர். பதினைந்து பேர் படிப்பை முடித்தோ விட்டோ போய்விட்டார்கள். மிஞ்சியவள் ஜெயா ஒருத்தி, ஃபுல் பேக். கொரோனாவுக்கு முன்னால் இரண்டு வருஷம், திரும்பத் திறந்த பிறகு ஒரு வருஷம் ஆடியிருந்தாள். நடக்காத அந்த வருஷத்தையும் சேர்த்தால் நான்கு. கணக்கு முடிந்தது.

கல்லூரி பூட்டிக் கிடந்தபோது போட்டாதாங் ஜெட்டிப் பக்கம் ஒரு கிடங்கில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. கூடப் படித்தவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. இவள் வந்ததற்கு ஒரே காரணம், விளையாட்டு ஆசிரியை ஆகவேண்டும் என்ற ஆசை. பயிற்சிப் பள்ளியில் சேர, படிப்பின் கடைசி வருஷத்தில் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடிய சர்டிபிகேட் வேண்டும். அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்.

மத்தியானம் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, லிஸ்ட் போட்டாச்சா? என் போட்டோ சரியா இருக்குல்ல? பழைய போட்டோல மூஞ்சி வீங்கினாப்ல இருக்கும்."

"இருக்கு இருக்கு. போய் பிராக்டீஸ் பண்ணு."

"ஏன் ஆன்ட்டி ஒரு மாதிரி பேசுறீங்க?"

"கரண்ட் இல்ல. வேர்க்குது. போ நீ."

போய்விட்டாள். ஒரு பெண்ணின் பிழைப்பை என் சுறுசுறுப்பு தின்றுவிட்டதே என்று அழுகை வந்தது.

3. காலி நம்பர்

எங்கள் பிரிவுத் தலைவர் ஊ தெயின். நல்ல மனிதர், குறுக்கு வழி தெரிந்த நல்ல மனிதர். நாங்கள் பர்மியத்தில்தான் பேசுவோம், தமிழில் எழுதுகிறேன். ஊ, டோ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் முன்னால் போடும் மரியாதை; ஸயா என்றால் சார், ஸயாமா என்றால் மேடம். சுற்றறிக்கையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார்.

"டோ சாந்தி, டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர்ல காலி நம்பர் இருக்குமில்ல?"

இது என்னவென்று சொல்லவேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் ஒரு நம்பர், ஒரு தேதி. ஆனால் எந்த அதிகாரியும் எல்லாக் கடிதத்தையும் அன்றன்றே எழுதுவதில்லை. "நேத்துத் தேதி போட்டு அனுப்பிடுங்க" என்று வந்து நிற்பார்கள். அதற்காகத் தினமும் கடைசியில் ஒரு வரியை, ஒரு நம்பரோடு காலியாக விட்டு வைப்போம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன்.

"இருக்கு, ஸயா. பூட்டின வாரத்துல கூட ரெண்டு இருக்கு."

"அப்புறமென்ன? லிஸ்டைத் திரும்பப் பெறுகிறோம்னு ரெண்டு வரி. நான் கையெழுத்துப் போடுறேன்."

"பொய்யில்ல ஸயா அது?"

"போட்டி நடந்துச்சா? இல்ல. அந்தப் பொண்ணு ஆடுச்சா? இல்ல. அப்ப எது பொய்? நீங்க லிஸ்ட் அனுப்பினதுதான் தப்பு, அதைத்தான் சரி பண்றோம்."

குத்தவேண்டிய இடம் பார்த்துக் குத்தினார். கரண்ட் இல்லாததால் பழைய டைப்ரைட்டரில் அடித்தேன். அதுவும் வசதியாகிப் போயிற்று. பார்த்தால் அசல் பழைய கடிதம். ரிஜிஸ்டரில் காலி வரியை நிரப்பும்போது எழுத்து கோணலாக விழுந்தது. ஜெயா பெயரோடு லிஸ்டையும் அடித்து முடித்தேன்.

4. பஸ்ஸில்

வெள்ளிக்கிழமை மதியம் லிஸ்டையும் கடிதத்தையும் ஃபைலில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கமிட்டி ஆபீஸ் ஸ்ட்ராண்ட் ரோட்டில், ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி. ஜெயாவும் வந்தாள். லீவு நாளில் இன்னும் அந்தப் பருப்புக் கிடங்குக்குப் போகிறாள்; போட்டி முடியும்வரை வரமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டுமாம், அதே பக்கம்தானே என்றாள்.

பஸ் சூலே பகோடாவைத் தாண்டியதும் நின்றுவிட்டது. மணி மூன்று. ஜெயா யாருக்கோ மெசேஜ் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், ஃபைலைப் பிரித்துக் கடிதத்தை ஒருமுறை சரிபார்த்தேன். நம்பர் சரி. கையெழுத்து சரி. தேதிதான் இடித்தது.

ஆபீஸைப் பூட்டியது ஒரு நாள். போட்டி ரத்து என்று கமிட்டி அறிவித்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து, நாங்கள் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது. என் ரிஜிஸ்டரில் காலி நம்பர் எல்லாம் ஆபீஸ் திறந்திருந்த நாட்களுக்குத்தானே இருக்கும்? அப்படியானால் இந்தக் கடிதம் என்ன சொல்கிறது? போட்டி உயிரோடு இருந்தபோதே நாங்களாக விலகிவிட்டோம் என்று சொல்கிறது. லிஸ்ட் கொடுத்துவிட்டுத் தானாக விலகும் டீமுக்கு அடுத்த போட்டியில் இடமில்லை. அது யாருக்கும் தெரிந்த பழைய விதி. நாங்களோ திறந்ததும் கடந்த வருஷம் ஆடிவிட்டோம்; அப்படி ஆடினதே தப்பு என்று ஆகி, அந்தத் தண்டனை இந்த வருஷத்துக்கு வரும். வெளியே போவது ஜெயா மட்டுமல்ல. பதினாறு பேரும் போவார்கள்.

கடிதத்தைக் கொடுத்தால் டீம் போச்சு. கொடுக்காவிட்டால் ஜெயா போச்சு. நான்கு மணிக்குள் லிஸ்டே போகாவிட்டால் இரண்டும் போச்சு. பஸ் அசையவில்லை.

"இறங்கு ஜெயா, நடக்கலாம்."

"ஆன்ட்டி, உங்க முட்டி வலிக்கும்."

"முட்டி கெடக்கட்டும். எறங்குடி!"

5. டோ நுவேயின் அறை

ஜெயாவை எதிரே இருந்த டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் படியேறினேன். மூன்று நாற்பத்தைந்து. கமிட்டிச் செயலாளர் டோ நுவே மேஜையில் இருந்தார். கண்டிப்பானவர், அவர் முன்னால் எல்லோரும் மெல்லப் பேசுவார்கள்.

லிஸ்டைக் கொடுத்தேன். ஜெயா பெயரில் விரலை வைத்தார். "இந்தப் பொண்ணுக்கு நாலு முடிஞ்சுதே. திரும்பப் பெற்ற கடிதம் இருக்கா?"

"இருக்கு, ஸயாமா." ஃபைலைத் திறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஆனா அது நேத்து அடிச்சது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஒன்றும் மறைக்கவில்லை. லிஸ்டை அவசரப்பட்டு அனுப்பியது, காலி நம்பர், பஸ்ஸில் தேதியைப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பொண்ணு அந்த வருஷம் மைதானத்துல கால் வைக்கல. அவ பேரை அனுப்பினது நான். தண்டனை எனக்குக் குடுங்க, அவ ஆடட்டும்." கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கே எரிச்சலாக இருந்தது.

டோ நுவே டிரேயிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார். மூன்றும் வேறு வேறு பல்கலைக்கழகங்களின் கடிதங்கள். மூன்றும் லிஸ்டைத் திரும்பப் பெறுகிற கடிதங்கள். மூன்றிலும் ரத்து அறிவிப்புக்கு முந்தைய தேதி.

"நேத்தும் இன்னிக்கும் வந்துச்சு," என்றார். "எனக்கும் தேதி தோணல. நம்பர் இருக்கா, கையெழுத்து இருக்கான்னுதான் பாத்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலி நம்பர் விடாத கிளார்க் இந்த ஊரில் இல்லை போலிருக்கிறது.

"விதிப்படி போனா உங்களோட சேத்து நாலு டீம் வெளிய. மிச்சம் ரெண்டு. ரெண்டு டீமை வெச்சு என்ன போட்டி நடத்துறது?"

எழுந்து உள்ளே போய்க் கமிட்டித் தலைவருக்குப் போன் செய்தார். கதவு சாத்தியிருந்தது. நான்கு அடித்தது, நாலரை ஆனது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஜெயா டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மட்டையின் கைப்பிடிக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். இல்லையென்று ஆகிவிட்டால் படியிறங்கிப் போய் அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

டோ நுவே வெளியே வந்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நீங்க எங்கிட்ட சொன்னதை அப்படியே உங்க கையால எழுதிக் குடுங்க. அதை வெச்சுத்தான் விதியை மாத்த முடியும். சும்மா மாத்தினா ஏன்னு கேப்பாங்க."

"மத்த மூணு பேரு?"

"அவங்க வந்து சொல்லலையே," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே ஒரு திருத்தம் போனது. லிஸ்டில் பெயர் இருப்பது இனிமேல் கணக்கில்லை. மைதானத்தில் இறங்கிய வருஷம் மட்டும் கழியும். கொரோனா வருஷத்துக்காக வந்த அந்த வரி இன்றைக்கும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மூன்று கடிதங்களும் சத்தமில்லாமல் வந்த இடத்துக்கே திரும்பிப் போயின.

கீழே இறங்கினேன். "என்னாச்சு ஆன்ட்டி, இவ்ளோ நேரம்?" என்றாள் ஜெயா.

"கூட்டம்," என்றேன். "உன் பேர் இருக்கு."

6. விளக்கக் கடிதம்

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. ரிஜிஸ்டரில் பொய்ப் பதிவு செய்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். ஊ தெயின் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நான் ரிடையராக இன்னும் ரெண்டு வருஷந்தான், டோ சாந்தி. கொஞ்சம் பாத்து எழுதுங்க."

கோபம் வந்தது. இருந்தும் அவர் சொன்னதில் என் ஆசையும் இருந்ததே. சொன்னவர் அவர், செய்தவள் நான் என்று இரண்டையும் எழுதினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வரவேண்டிய ஹெட் கிளார்க் பதவி வேறொருவருக்குப் போனது. மெமோ என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறி, அதோடுதான் ஓய்வு பெற்றேன்.

இளையவர்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். விதியில் ஓட்டை இருந்தால் அதில் பொய்யைத் திணித்து அடைக்காதீர்கள். ஓட்டை இருக்கிறது என்று போய்ச் சொல்லுங்கள். சொன்னவருக்குத்தான் அடி விழும், அதையும் தெரிந்துகொண்டே சொல்லுங்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுத ஆசை. கொஞ்சம் இருக்கிறது.

ஜெயா அந்தப் போட்டி முழுவதும் ஆடினாள், சர்டிபிகேட் வாங்கினாள், பயிற்சி முடித்தாள். இப்போது ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் ஓட விடுகிறாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் இன்னமும் ஒரு குறை சொல்வாள். "என் கடைசி ஃபைனலுக்கு எல்லாரும் வந்தாங்க. நீங்க மட்டும் வரல, ஆன்ட்டி. ஒரு நாள் லீவு போட முடியலையா உங்களால?"

முட்டி வலி என்று சொல்லிச் சமாளிப்பேன். அந்த நாள் மெமோவுக்கு மூன்றாவது நாள். ஆபீஸில் உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். ஜெயா நம் பிள்ளைதான், தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.