பச்சை எழுத்து மினுங்கிய வெள்ளிக்கிழமை

சென்ற வருடம், வலை நிறைய மீன் பட்ட காலத்தில் கல்முனையில் நடந்தது இது. என் மாமா அங்கே மீன் வைக்கும் கூல் ரூம் நடத்துகிறார். அதன் குளிரைக் கட்டுப்படுத்தும் மெஷினோடு ஒரு பழைய டெர்மினல் இருந்தது. சொந்த மூளை இல்லாத பெட்டி. மெஷின் கம்பி வழியே அனுப்புவதைப் பச்சை எழுத்தில் காட்டும், அவ்வளவுதான். ஒரு நாள் அதன் திரை அணைந்தே போனது.

எனக்கோ சும்மா இருக்க முடியாத கை. "நான் செஞ்சி தாறன் மாமா" என்று பொறுப்பெடுத்தேன். உள்ளங்கையளவு கணினிப் பலகையையும் சின்னத் திரையையும் பூட்டி, அந்தப் பெட்டியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். அதே பச்சை, அதே எழுத்து வடிவம், எழுத்தின் முனையில் மினுங்கும் அதே சின்னக் கட்டம். பார்த்தவர்கள் புகழப் புகழ எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் அண்ணன்தான் கூல் ரூமைப் பார்த்துக்கொள்வார். அன்று அவருடைய தம்பிமார் பிடித்த சூரை மீனும் உள்ளே இருந்தது.

பள்ளிவாசலில் நான் உட்கார்ந்தேன், மனம் உட்காரவில்லை. எதையோ விட்டுவிட்டேன் என்று அரித்துக்கொண்டே இருந்தது. குத்பாப் பிரசங்கத்தின் நடுவில் ஒலிபெருக்கி 'கீ' என்று கத்தியது. சத்தம்! குளிர் குறைந்தால் பழைய பெட்டி கத்தும். என் புரோகிராமில் அந்த இடத்தை, பிறகு பார்ப்போம் என்று வெறுமையாக விட்டிருந்தேன்.

குத்பா நடக்கும்போதே எழும்பினேன். எல்லோரும் முறைத்தார்கள். செருப்பைக்கூடத் தேடாமல் வெயிலில் ஓடினேன்.

அண்ணன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மீன் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் என் அழகான பச்சை எழுத்தில் எச்சரிக்கை மினுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, குளிர் மெஷின் நிண்டுட்டு!"

இருவருமாக ஓடி மாற்று மெஷினைப் போட்டோம். உள்ளே ஐஸ் இளகத் தொடங்கியிருந்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்கட பெட்டி வடிவாத்தான் இரிக்கி தம்பி. ஊமை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் பாத்துக்கிட்டே இருந்திருப்பன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று மாலையே சத்தத்தை வைத்துக் கொடுத்தேன். ஆனால் அந்த அரிப்பு மட்டும் போகவில்லை. இப்போதும் நான் செய்த ஒன்றைப் பார்த்து யாராவது 'வடிவாயிருக்கு' என்றால், இதை நம்பி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கப் போகிறவர் யார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.