கயிற்றை இழுக்காதீர்கள்: அன்னவாசல் கல்குவாரியில் ஒரு முக்குளிப்பு

காலை 6.40. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். காற்றுச் சிலிண்டர்கள் இருந்ததால் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மினி வேன். வண்டியில் நான், செல்வி அக்கா, அவள் கணவர் முருகேசன் மச்சான். கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் ஒரு விவசாயியின் தண்ணீர் மோட்டார் மூழ்கிக் கிடந்தது. ஆழம் நாற்பது மீட்டர். வளைகுடா நாட்டில் கடலடிக் குழாய்களில் வேலை பார்த்த மச்சான் அதை எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார்.

பட்டிமன்றப் பேச்சாளனான நான் துணைக்குச் சென்றேன். தூத்துக்குடியில் நான்கு நாள் பயின்று, பதினெட்டு மீட்டர் வரை இறங்கச் சான்று பெற்றவன். ஆபத்தென்றால் நிதானமாக நேரே மேலே வந்துவிடலாம் என்பது என் போன்றோரின் பொழுதுபோக்கு முக்குளிப்பு. மச்சானுடையது தொழில்நுட்ப முக்குளிப்பு. ஆழத்தில் நேரம் கழித்தவரின் உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும். ஆறு மீட்டரில் காத்திருந்து அதை வெளியேற்றாமல் மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் இரத்தம் குமிழியிடும். கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று அவர் தலைக்கு மேல் உண்டு.

8.15. இறங்கினோம். ஐந்து மீட்டரில் நீர் பச்சை, பத்தில் பழுப்பு, அதற்குக் கீழே குளிர் கழுத்தைப் பிடித்தது. பதினெட்டில் நின்றேன். மச்சானின் விளக்கு கீழே சுருங்கிச் சுருங்கி மறைந்தது. திட்டப்படி நான் மட்டும் மேலேறினேன்.

8.50. மச்சான் கீழே வேறொரு கயிற்றில் கட்டிவிட்ட மோட்டாரை ஊர்க்காரர்கள் கரைக்கு இழுத்துப் பத்து நிமிடம் ஆகியும் அவர் வரவில்லை. குமிழிகள் ஒரே இடத்தில் வெடித்துக்கொண்டிருந்தன. கிணற்றில் இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டுவதும், சந்தேகம் வந்தால் உடனே இழுத்துவிடுவதும் இப்பகுதி வழக்கம். அக்கா வற்புறுத்தியதால் மச்சானும் கட்டியிருந்தார். அவள் ஒரு முழம் இழுத்துவிட்டாள். நான் கயிற்றைப் பற்றிக்கொண்டு, நைட்ரஜனில் தொடங்கி முறையாக விளக்கினேன்.

"தம்பி, மேடையில பேசுறத இங்கிட்டுப் பேசாதீங்க. ஆளு உள்ள கெடக்கு," என்றார் மோட்டார்க்காரரான அந்த விவசாயி. ஊர்க்காரர் மூவரும் கயிற்றில் கை வைத்தார்கள்.

குமிழி வருகிறதே, மூச்சு விடுகிறார் என்றுதானே பொருள் என்றேன்.

"சிலிண்டர் ஓட்டையாப் போனாலும் குமிழி வரும்ல?" என்றாள் அக்கா. "நீ அவரப் பாத்தியாடா?"

நான் பார்க்கவில்லை.

"பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் இழுக்காத."

என் சிலிண்டரில் கால்பங்குக் காற்று இருந்தது; மறுபடி இறங்கினேன். ஆறு மீட்டரில், கற்சுவரின் விளிம்பைப் பற்றியபடி மச்சான் மிதந்தார். விளக்கு அணைந்திருந்தது. அசைவில்லை. என் மூச்சின் இரைச்சல் மட்டுமே கேட்டது. தோளைத் தொட்டேன். அவர் மெதுவாகத் திரும்பி மணிக்கட்டை நீட்டினார். அதில் கட்டியிருந்த, காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் கருவியில் பதினொன்று என்றிருந்தது. இன்னும் பதினொரு நிமிடம்.

மேலே வந்து சொன்னேன். அக்கா மற்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் கயிற்றைத் தளரவிட்டாள்.

9.10. மச்சான் கரையேறினார்.

"யாரு கயித்த இழுத்தது?"

மோட்டார்க்காரர் பாறையைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் அக்கா.

அவர் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்; விரல்கள் விறைத்திருந்தன. அக்கா குனிந்து அவிழ்த்தாள்.

வேன் புறப்பட்டபோது, இனிக் கயிறு கட்டச் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். சொல்லும்போதும் அவள் விரல்கள், எதையோ விடாமல் பற்றியிருப்பவைபோல் மடங்கியே இருந்தன.