தலை வேணுமோ?

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. போன மார்ச் மாதம், கிழக்கு லண்டனில், ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில். ஆரணனின் தலையை நேரில் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஆரணன் ஏலக் கம்பெனி ஒன்றின் கிடங்கில் பொதி பிரிக்கிறவன். இடுப்பைத் தொடும் முடி. ஸ்டைலுக்கு வளர்த்ததல்ல. ஆறு வயது மகள் மேனுஷாவுக்கு இருதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் ஊரிலுள்ள சந்நிதி முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்த்தி. அதுவரை முடியில் கத்தி படக் கூடாது. பிள்ளையின் உயிரே அந்த முடியில்தான் இருக்கிறது என்று நம்பினான், பாவம்.

அன்று வந்தது, சீனத்து நாவிதர் ஒருவரின் பழைய சாமான். முக்காலி, செம்புச் சட்டி, பக்கத்தில் நட்டுவைக்கும் உயரமான கம்பம். முந்நூற்றுச் சொச்சம் வருடப் பழசாம். பிரித்துப் பார்த்தால் சட்டிக்குள் தண்ணீர்... தொட்டான். சுட்டது.

கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கூரை ஒழுகினால் தண்ணீர் சுடுமா? அந்த யோசனை அப்போது வரவில்லை. கால் உளைந்தது. முக்காலியிலேயே உட்கார்ந்தான்.

காதில் செருகியிருந்த இயர்போனில் மனைவி கௌசியின் குரல்.

"தலை வேணுமோ?"

சனிக்கிழமைதோறும் ஈஸ்ட் ஹாம் மீன் கடையில் நின்றுகொண்டு அவள் கேட்கிற கேள்விதான்.

"ஓம், வேணும்."

சர்ரக்... சர்ரக்... கத்தி தீட்டும் சத்தம். மீன்காரன் என்று நினைத்தான். ஆனால் கடைச் சந்தடி எதுவும் கேட்கவில்லை.

"பிள்ளைக்கு?"

"அவளுக்கு வேண்டாம்." சிரித்தான்.

சத்தம் நின்றது.

நெற்றியில் ஏதோ சில்லென்று ஓடியது...

துள்ளி எழும்பினான். ஒருவரும் இல்லை.

கையை வைத்தான். வெறும் தோல். முன்மண்டை மழமழவென்று வழிக்கப்பட்டிருந்தது. பின்னால் இறுகின ஒற்றைப் பின்னல். தரையில் ஒரு மயிர்கூட இல்லை.

சாமான்களுக்கு விவரக் குறிப்பு எழுதும் தமிழ்ப்பெண் பெர்னடெற் ஓடி வந்தாள். அவனையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணை... வடக்கயிருந்து வந்த மஞ்சு ராசா சீனாவைப் பிடிச்ச நேரம் போட்ட கட்டளை இது. முன்பக்கம் வழிச்சுப் பின்னல் விட்டவன் தங்கட ஆள். விடாதவன் கலகக்காரன். ஆட்சி நிலைக்கோணுமெண்டா ஆர் எந்தப் பக்கமெண்டு பாத்த உடன தெரியோணுமெல்லே? முடி வேணுமோ, தலை வேணுமோ எண்டுதான் கேள்வி."

"தலை வேண்டாமெண்டா?"

"அந்தக் கம்பத்தில தொங்க விடுவினமாம்."

ஆரணன் போனைத் திறந்தான். கௌசி அழைத்ததாகவே இல்லை. உடனே அவளை அழைத்தான்.

"நான் உங்களுக்குக் கோல் எடுக்கேல்லையே! கடைக்கே போகேல்லை..." அவள் அழுதாள். "பிள்ளை இப்பத்தான் நித்திரையால எழும்பினவள்... கழுத்து எரியுதெண்டு கத்துறாள்... சுத்திவரச் சிவப்பாய் ஒரு கோடு... கெதியா வாங்கோ..."